வாழைமட்டையில் ஒரு நரம்பு

வாழைமட்டைக்குள்ளிருந்து சிவப்பு எட்டிப்பார்க்கிறது, ஊசியின் அடியில் ஒரு சொட்டு, குங்குமம் கரைத்த தண்ணீர்தான், ஆனாலும் அது தெரிந்தால் ஊசி நரம்புக்குள் போய்விட்டது என்று அர்த்தம், என் விரல் தானாக நின்றுவிடும், அந்தத் தண்ணீர் நிரப்பிய சைக்கிள் வால்ட்யூப் ரப்பர் குழாயை மட்டைக்குள் செருகி, அதுதான் நரம்பு என்று வைத்துக்கொண்டு, நர்சிங் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து குத்திக்கொண்டே இருக்கிறேன், அடுத்த கட்டிலில் ஹெப்சி காலாட்டிக்கொண்டு சிரிக்கிறாள், ஏட்டி, உன் வாழைமட்டைக்கு இன்னைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு, வகுப்பில் முடிந்ததை அறைக்கும் தூக்கிக்கொண்டு வருகிறவள் மக்கு என்பது அவள் தீர்மானம், அந்த மகாராணிக்கு எல்லாம் ஒரே வாசிப்பில் ஏறிவிடும், நரம்புகளின் பெயரையெல்லாம் ஜெபம் போல ஒப்பிப்பாள், பரீட்சையில் முதலாவதாக வருவாள், வார்டில் ஊசி போடும் முறை வந்தால் மட்டும் தலைவலி வந்துவிடும், அந்தத் தலைவலி நாட்களிலெல்லாம் அவளுடைய நோயாளிகளுக்கும் சேர்த்து நான்தான் குத்தினேன், நான் நர்சாக வார்டிலேயே கிடந்தேன், அவள் படிப்பின் மேல் படிப்பாகப் படித்துக் ஒரு தனியார் நர்சிங் கல்லூரிக்கே பிரின்சிபல் ஆனாள்.

யாரோ மட்டையைத் தட்டுகிறார்கள், மட்டை இல்லை, என் கை, இப்போது, இந்த வயதில், ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடக்கிறவள் நான், தலைக்கு மேல் மருந்து பாட்டில் நிறைந்தபடி தொங்குகிறது, அது நரம்பு வழியாகத்தான் ஏறவேண்டும், இரவுக்குள் ஏறாவிட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், ஹெப்சி கல்லூரி மாணவிகள் இரண்டு பேர் குத்திக்குத்தி வியர்த்து நிற்கிறார்கள், எதுலயாவது குத்திப் பழகினீங்களாட்டி என்று நான் கேட்டால், இல்லம்மா, காலேஜ்ல ரப்பர் கை ஒண்ணு இருக்கு, இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் கெட்டுப்போகக் கூடாதுன்னு மேடம் பூட்டி வச்சிருக்காங்க, என்கிறாள் ஒருத்தி, தூ, ரப்பர் கை கெடக்கூடாது, ஊரார் கை கெட்டால் இவர்களுக்கு என்ன.

அந்த மேடமே வருகிறாள், கஞ்சி போட்ட சேலை, கையில் ஆப்பிள் பை, எப்படிட்டி இருக்க என்கிறாள், ஆப்பிளை வை, ஊசியை எடு, உன் காலேஜ் பிள்ளைகளுக்கு என் கையில் போட்டுக் காட்டு என்றேன், தலைவலிக்கு இடமே கொடுக்கவில்லை, மாணவிகள் பார்க்கிறார்கள், அவளால் மறுக்க முடியவில்லை, ஊசியை எடுத்துக் குத்துகிறாள், தப்பான இடத்தில் இறங்குகிறது, எனக்கு வலித்தது, ஆனால் வலியைவிட சந்தோஷம் பெரிதாக இருந்தது, இதைப் பார்க்கத்தானே இத்தனை காலம் உயிரோடு இருந்தேன், தள்ளு, என் கைக்கு நானே போட்டுக்கொள்கிறேன், வேறு ஊசி கொடுங்கட்டி.

கொடுத்தார்கள், ரிட்டயர் ஆனதிலிருந்து ஊசியைத் தொட்டதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டபோதும் போகவில்லை, தெரிந்த வேலை எங்கே ஓடிவிடும், ஊசி தோலுக்குள் போகிறது, இன்னும் போகிறது, என் விரல் நிற்க வேண்டிய இடத்துக்காகக் காத்திருக்கிறது, அந்த இடம் வரவே இல்லை, தோல் நீலமாக வீங்குகிறது.

ஹெப்சி சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை, அதுதான் சகிக்கவில்லை, என் காதருகே குனிந்து, ஏட்டி, வாழைமட்டை கொண்டு வரச் சொல்லட்டுமா என்று கேட்கிறாள், ரெண்டா கொண்டு வரச் சொல்லு, உனக்கும் சேத்து, என்கிறேன், பாட்டில் அப்படியே தொங்குகிறது, நான் ஊசியின் அடியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், சிவப்பு எட்டிப்பார்க்கவில்லை.