மூச்சை விடாமல் கவனிக்கவும்

12 நவம்பர் 2024, செவ்வாய்

ஒரு சிறிய தவறு செய்திருக்கிறேன். 'விடாமல்' என்ற சொல்லை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். சிறியது என்று எழுதிவிட்டேன். அது சரிதானா என்று தெரியவில்லை.

மாலை நேர மொழிபெயர்ப்பு வகுப்பில் படிக்கிறேன் என்ற ஒரே தகுதியைப் பார்த்து டாக்டர் ஷாஜி என்னை ஆய்வில் சேர்த்தார். ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுத்திருப்பவர் தன் மூச்சைக் கவனிக்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம் எடுக்கிறோம். இயல்பாக மூச்சுவிட்டபடி அதைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். தமிழ் வாசிப்பவர்களுக்குத் திரையில் அரை நிமிடம் காட்டும் வரியை நான் எழுதினேன்: 'மூச்சை விடாமல் கவனிக்கவும்.' மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் எழுத்துப்பிழையைத்தான் தேடினேன்.

தமிழ் வாசித்த இருபது பேரில் பத்தொன்பது பேரின் படங்கள் பளிச்சென்று வந்தன. அதே ஆய்வில் மலையாள வரியை வாசித்தவர்களின் படங்கள் மங்கல். தமிழ் வாசிப்பவர்களுக்கு அகக்கவனம் அதிகம் என்று டாக்டர் கட்டுரை எழுதினார். நாளை மாலை ஐந்து மணிக்குள் மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் நான்காவது பெயர் என்னுடையது. அம்மா அதை இரண்டு வீடுகளில் சொல்லிவிட்டார்.

இன்று வெள்ளறடை சபையில் பாட்டுப் பாடும் புஷ்பபாய் மாமி ஆய்வில் எடுத்த தன் படத்தைப் பார்க்க வந்தார்.

"மக்கா, எனக்க படம் எப்பிடி உண்டு?"

"நல்ல வெளிச்சமாட்டு உண்டு, மாமி."

"இருக்காம பின்ன? பாடுற நெஞ்சாக்கும். ஒரு தடவகூட மூச்சு விடல்ல."

"எதுக்கு மாமி அடக்கினிய?"

"எதுக்கா? விடாமன்னு நீயில்லா எழுதிப் போட்டிருந்த. உனக்க தமிழ நம்பி நான் சாவப் பாத்தேன்."

மாமியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூச்ச அடக்கினா மூளை முழுக்க ரத்தம் பாயும். படம் வெளிச்சமாத்தான் வரும். பக்ஷே சிஜி, ஒருத்தர் சொன்னா அது ஆதாரமாகுமா?"

"அப்ப மோகனன் அண்ணன விளிச்சுக் கேக்கலாம், சார்."

மோகனன் அம்பூரியில் ரப்பர் வெட்டுபவர். தமிழ் வாசித்தவர்களில் அவர் படம் மட்டும் மங்கல். 'கவனமில்லை' என்று எழுதி டாக்டர் அதைத் தள்ளி வைத்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாரே, மன்னிக்கணும்," என்றார் மோகனன், நாங்கள் கேட்கும் முன்பே. "பீடி குடிக்கிற நெஞ்சில்லா. அடக்க ஒக்கல்ல. மூச்சு பாட்டுக்குப் போச்சு, வந்துது, நான் பாத்துக்கிட்டே கிடந்தேன். இன்னொரு தடவ வாறேன், அடக்கிக் காட்டுதேன்."

"வேண்டாம் மோகனன்," என்றார் டாக்டர். "நீங்க செய்ததுதான் சரி."

"சும்மா களியாக்காதிங்க, சார்." கேலி என்று நினைத்துவிட்டார்.

போனை வைத்த பிறகு டாக்டர் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்தார். மூச்சடக்குவதில் முதலிடம் என்று தலைப்பை மாற்றலாமா என்று கேட்டார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியாததால் நான் சிரிக்கவில்லை.

"அவங்க சம்மதிச்சது மூச்சைக் கவனிக்கத்தான், சார். அடக்க இல்ல. இத அனுப்பினா எனக்க பேர எடுத்துருங்க."

டாக்டர் என்னைப் பார்க்காமல், கட்டுரையை அனுப்பவில்லை என்று மாநாட்டுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பினார்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நாளை: திரை வரியை 'இயல்பாக மூச்சு விடுங்கள், அதைக் கவனியுங்கள்' என்று மாற்ற வேண்டும். மூன்று பேரை வாசிக்க வைத்து, என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். பிறகு பத்தொன்பது பேரையும் போனில் அழைத்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.