மரச்சீனி உரிக்கும் நேரம்

"சாரே, கொஞ்சம் சன்னல் பக்கமா திரும்பி இருப்பியளா?" என்று நான் கேட்டபோது, தலைமையாசிரியர் டைட்டஸுக்குச் சிரிப்பு வந்தது. மனைவியை அடக்கம் செய்து இரண்டு மாதம்கூட ஆகாதவன் முன்னால் சிரிக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வாயைத் துடைப்பதுபோல மறைத்துக்கொண்டார்.

மேசைமேல் தமிழ்ப் புத்தகம் விரிந்திருந்தது. அதன் முன்னால் பிரீனா நின்றாள். சுவரோரம் அவள் அம்மா வியாகுலம்மாள், புதுக்கடைச் சந்தையில் மீனை விற்றுவிட்டு நேரே வந்தவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் பிரீனாவுக்குத் தமிழில் பதினொரு மதிப்பெண். அவளைப் பத்தாம் வகுப்புக்கு ஏற்றினால் பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சி போய்விடுமாம். டிசி வாங்கிக்கொண்டு வேறெங்காவது சேர்த்துவிடச் சொல்லிவிட்டார்கள். என் ஜெஸ்பின் அந்தப் பள்ளியில்தான் ஆசிரியையாக இருந்தாள். உயிரோடு இருந்திருந்தால் அவளே வந்து சண்டை போட்டிருப்பாள்.

"இவ வாசிப்பா சாரே. எங்க வீட்டுக்குப் படிக்க வந்தப்போ எழுத்துக்கூட்டத் தெரியாது. இப்போ முழுப் பாடமும் வாசிப்பா. ஆளு பாத்தா மட்டும் வாய் தொறக்க மாட்டா."

"அண்ணே, டீச்சர் பட்ட பாடு எனக்கும் தெரியும். பப்ளிக் பரீட்சையில வாசிச்சுக் காட்டுனா மார்க்கு உண்டா, சொல்லுங்க."

அப்படிச் சொன்னாலும் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்தான்.

எங்கள் வீட்டில் இந்த வாசிப்பு நடந்தது அடுக்களைப் பின்வாசல் படியில். பிரீனா படியில் புத்தகத்தோடு இருப்பாள். ஜெஸ்பின் உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரிப்பாள். திருத்த மாட்டாள். பிள்ளை தப்பாக வாசித்தால் கத்தி நிற்கும், அவ்வளவுதான். பிரீனா வரியில் பின்னால் போய் அந்தச் சொல்லைப் பிடித்து வருவாள். கத்தி மறுபடி ஓடும். முன்னறையிலிருந்து கேட்கும் எனக்கு, எது வாசிப்பு எது கத்தி என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைசி நாட்களில் கத்தி நிற்பதே அபூர்வமாகிவிட்டது. "கத்தி நிக்காம வாசிக்கா. அதுக்கு எந்தப் பேப்பர்ல மார்க்கு போட?" என்று ஜெஸ்பின் ஒருநாள் கேட்டாள்.

பிரீனாவின் உதடு அசைந்தது. மூச்சு இழுத்தாள்.

"வாசிக்காளா?" என்று டைட்டஸ் திரும்பிப் பார்த்துவிட்டார்.

அதோடு முடிந்தது. "வெள்ளிக்கிழமை வாங்கம்மா. டிசியில கான்டக்ட் 'நல்லது'ன்னு போட்டுத் தாறேன்."

கேட்டைத் தாண்டியதும் வியாகுலம்மாள் வெடித்தாள். "ஏட்டி, வீட்டுல என்ன வாயடி அடிக்குவ! அந்த வாய எங்க வச்சிட்டு வந்த?" பிறகு என்னிடம், குரல் இறங்கி, "டீச்சர் போவும்ப இவளுக்க நாக்கையும் கொண்டுட்டுப் போயிட்டாவ" என்றாள்.

சாயங்காலம் பின்வாசலில் நிழல் விழுந்தது. பிரீனா. ஒரு கையில் பை, ஒரு கையில் புத்தகம்.

"அம்மை கிழங்கு தந்து விட்டா மாமா."

வேறொன்றும் சொல்லாமல் படியில் உட்கார்ந்தாள். நான் கத்தியைத் தேடி எடுத்து, ஜெஸ்பின் இருக்கும் இடத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அதுவரை நான் ஒரு கிழங்கும் உரித்ததில்லை.

கிழங்கின் முனையை நறுக்கிய பிறகு குரல் வந்தது. மெல்லியதாக, பிசிறில்லாமல். "ஏரி நிறைந்ததும் ஊரார் மதகைத் திறந்தார்கள்."

கத்தி தடித்த தோலில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை.

கத்தி நின்றதும் பின்னால் குரலும் நின்றது. "மதகைத் திறந்தார்கள்" என்றாள் மறுபடி. சரியாகத்தான் வாசித்தாள். தப்பு இல்லை பிள்ளே என்று சொல்லத் திரும்பினால் வாயை மூடிவிடுவாள். கிழங்குப் பால் பட்டு வழுக்கும் விரல்களால் கத்தியை அசைத்துப் பார்த்தேன்.

"ம... த... கை..." என்றாள் பிரீனா, எழுத்து எழுத்தாக.