சுங்கத்தில் மாட்டிய மூன்று மீன்

முற்றத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளும் பெண்கள் தும்மலும் சிரிப்புமாக இருந்த நேரத்தில்தான் நஸீஹாவின் கைப்பேசி அடித்தது. துனிஸ் நகரத்துக்குத் தெற்கே உள்ள நாபுல் ஊரில் அவளுடைய ஹரீஸா பட்டறையைத் தெரியாதவர்கள் இல்லை. காரமான அந்த மிளகாய் விழுதை அடைக்கும் டப்பாவில் மூன்று மீன்கள் வட்டமாகச் சுற்றும். முதல் டப்பாவில் அவளே விழுதைத் தொட்டு விரலால் வரைந்த மீன்கள் அவை. கண் படாமல் இருக்க மீன் உருவம் மாட்டாத வாசல் அந்தத் தெருவில் கிடையாது.

பேசியவர் மர்சேய் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் முகவர். "அம்மா, உங்க சரக்கைச் சுங்கத்துல நிறுத்திட்டாங்க. மூணு மீன் முத்திரை பிரான்ஸுல வேற ஒருத்தர் பேர்ல பதிவாயிருக்காம். நீங்க போலி விக்கிறீங்கன்னு அவர் புகார் குடுத்திருக்கார்."

"என் மீனை நான் வித்தா போலியா? யாருய்யா அந்த ஆளு?"

"லுத்ஃபின்னு போட்டிருக்கு."

நஸீஹாவுக்கு ரத்தம் கொதித்தது. லுத்ஃபி அவள் கணவன் ஹம்மாதியின் சித்தி மகன். மர்சேயில் கடை வைத்து அவளுடைய சரக்கைத்தான் விற்கிறான். போன கோடையில்கூட இதே முற்றத்தில் உட்கார்ந்து, குஸ்குஸை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனவன். உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. வேற எவனாவது பதிஞ்சிடக் கூடாதேன்னுதான் நான் பதிஞ்சேன். குடும்பத்துக்குள்ளதானே இருக்கு?"

"அப்ப என் பேருக்கு மாத்திக் குடு."

"மாத்தலாம், மாத்தலாம். இனிமே ஐரோப்பாவுக்கு என் வழியாத்தான், நான் சொல்ற விலைக்குத்தான் அனுப்புவோம்னு ஒரு கையெழுத்து போடுங்க. அப்புறம் பாப்போம்."

"குடும்பம்னு சொல்லிக் கழுத்தை அறுக்குறியேடா, வெக்கமா இல்ல?"

"கதவைத் திறந்து போட்டது நீங்க அண்ணி. நான் உள்ள வந்தேன், அவ்வளவுதான்."

அவன் சிரித்தான். அயோக்கியன் சொன்னாலும் அது உண்மை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது. முதல் சரக்கு கப்பல் ஏறும் முன்பே துனிஸ் நகரத்து வக்கீல் சிஹாம் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்: "இங்க பதிஞ்ச முத்திரை இங்க மட்டும்தான் செல்லும். அதை வச்சு ஒரே விண்ணப்பம் போடலாம். எந்தெந்த நாடு வேணும்னு சொன்னா போதும், ஒவ்வொரு ஊருக்கா அலைய வேண்டாம்." விண்ணப்பம் போட நஸீஹா கிளம்பியும்விட்டாள். ஹம்மாதிதான் வழிமறித்தான். போகப்போகும் நாடுகளின் பெயரை முன்கூட்டியே சொன்னால் கண் பட்டுவிடுமாம். பிரான்ஸில் லுத்ஃபி இருக்கிறான், அங்கே என்ன கவலையாம். பிறக்காத பிள்ளைக்குத் துணி வாங்காத வீட்டில் வளர்ந்தவள் அவளும். சரி என்று தலையாட்டிவிட்டாள்.

இப்போது ஹம்மாதி விஷயம் கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்தான். வந்ததும் வாசலில் தொங்கிய மீனைத் தொட்டுக் கும்பிடாத குறையாக நின்றான்.

"எவன் கண்ணு பட்டுச்சோ! வெளியில பேசாத, பேசாதன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

நஸீஹா கையிலிருந்த மிளகாய்க் கூடையைத் தரையில் எறிந்தாள். "கண்ணு இல்ல ஹம்மாதி, கை! உன் சித்தி மகன் கை! ஊர்க் கண்ணுக்கெல்லாம் பயந்து வாயைப் பொத்திக்கிட்டோம். நம்ம தட்டுல சோறு தின்ன கைக்குப் பயப்படல. திருடனுக்கு நாமதான்யா நாள் பாத்துக் குடுத்திருக்கோம்!"

பெண்களில் மூத்தவளான மப்ரூக்கா தயங்கிக் கேட்டாள். "இந்த வருஷ மிளகா முக்காவாசியும் அந்தக் கப்பல்லதானே போச்சு? இனிமே நம்ம மீனைப் போடக் கூடாதா? பூனை வரைஞ்சுக்கணுமா?"

நஸீஹா சிஹாமைக் கூப்பிட்டு, கைப்பேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"கெட்ட எண்ணத்தோட பதிஞ்சிருக்கான்னு வழக்குப் போடலாம்," என்றாள் சிஹாம். "பழைய பில்லெல்லாம் சாட்சி. ஜெயிக்க வாய்ப்பு இருக்கு, ஆனா வருஷக்கணக்குல இழுக்கும். மத்த நாட்டுல யாரும் இன்னும் பதியல. அங்கயாவது முந்திக்குவோமா?"

"சொல்றேன், எழுதிக்க."

நஸீஹா தெருக்கதவை விரியத் திறந்தாள். ஹம்மாதி பதறினான். "மெதுவா! தெருவுக்கே கேக்கும்."

"கேக்கட்டும்! இத்தாலி! ஜெர்மனி! கனடா! மொராக்கோ!"

எதிர்க் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். மப்ரூக்கா, "ஜப்பானையும் சேத்துக்க, அவங்களும் காரத்துல கொஞ்சம் அழட்டும்," என்றாள். ஹம்மாதி தலைகுனிந்து நின்றான். பிறகு முனகலாக, "அல்ஜீரியாவை விட்டுட்டியே," என்றான்.

"சத்தமா சொல்லு."

"அல்ஜீரியா!" என்று கத்தினான் ஹம்மாதி. கண் கலங்கியிருந்தது. அது மிளகாய் நெடியால் மட்டும் இல்லை.

நஸீஹா கோபம் தணியாமலே எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "நல்லாக் கேட்டுக்குங்க. பேரைச் சொன்னதால யாரும் கெட்டதில்ல, சொல்லாம மூடி வச்சுத்தான் நாம கெட்டோம். நம்ம உழைப்போட பேரை, அது போற ஊர்லெல்லாம் அது போறதுக்கு முன்னாடியே நாமதான் பதியணும். சொந்தக்காரன் மேல பாசம் இருந்தா இன்னொரு கரண்டி குஸ்குஸ் போடுங்க. முத்திரையை அவன் கையில விடாதீங்க."