பதினைந்தாவது தலை

1.

இந்தக் கதை ஒரு தலையாட்டலில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நெதர்லாந்தின் உட்ரெக்டில், மூளை ஸ்கேன் இயந்திரத்துக்குள் நாற்பது நிமிடம் அசையாமல் படுத்திருந்தபோது ஒரு தொடக்க வரி கிடைத்தது: 'மூளைக்குள் ஒரு நகரம்...' (அடித்துவிட்டேன். எல்லோரும் எழுதுவது.) அப்போது பிரமாதமாகத் தோன்றியதால், நம் வழக்கப்படி தலையை ஆட்டித் தொலைத்தேன்.

வெளியே வந்ததும் வீட்ஸ்கே கேட்டாள். "அசைஞ்சீங்களா?"

"இல்லவே இல்ல."

2.

வீட்ஸ்கேதான் கதாநாயகி. (சோகமான கண்கள் என்று எழுதிப் பார்த்தேன். பொய், பசித்த கண்கள்.) மூளையில் நரம்புப் பாதைகள் அதிகமாக வந்து கூடும் சந்திப்புகளை வரைபடமாக்குகிறாள். நான்கு வருட வேலை, இருபது தலைகள். குறைந்தது பதினைந்து தலைகளிலாவது தென்பட்டால்தான் அது சந்திப்பு என்று தொடங்கும்போதே எழுதி வைத்துவிட்டாள். பன்னிரண்டு சந்திப்புகள் ஏற்கெனவே தெரிந்தவை. பதின்மூன்றாவது அவள் கண்டது. அது சரியாகப் பதினைந்து தலைகளில் இருக்கிறது.

பதினைந்தில் ஒன்று என்னுடையது.

திங்களன்று கட்டுரையை அனுப்புகிறாள். அங்கே யாருக்குச் சந்தோஷமோ அவரே கேக் வாங்கி வர வேண்டும். சைக்கிளில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

3.

இங்கே ஒரு கற்பனை ஆளை நுழைத்து, உண்மையை அவர் வாயால் சொல்ல வைக்கலாமா என்று... வேண்டாம், கோழைத்தனம். நானே போனேன்.

"நான் தலைய ஆட்டிட்டேன், வீட்ஸ்கே. அசைஞ்சா இல்லாத பாதைகூடத் தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க."

கேக் வெட்ட எடுத்த கத்தியைக் கீழே வைத்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மெஷினே கண்டுபிடிக்கல, விடும்மா" என்றார் பேராசிரியர் ரூலோஃப்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே." என் பக்கம் திரும்பினாள். "பொய்யெல்லாம் கதைல எழுதிக்கோங்க. என் மெஷினுக்குள்ள வேணாம். நாளைக்கு எட்டு மணிக்கு வந்து மறுபடி படுங்க. பதினஞ்சு வந்தா பதினஞ்சு. பதினாலுன்னா பதினாலுன்னே அச்சுல போடுவேன்."

"அப்ப கேக்கு?" என்றார் ரூலோஃப்.

"எதுவா இருந்தாலும் நாளைக்கு வெட்டுவோம், சார். ஃப்ரிட்ஜ்ல வைங்க."

4.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் பதின்மூன்றாவது சந்திப்பு நிலைக்கிறது, கேக் காலியாகிறது. மற்றதில் அது காணாமல் போகிறது. வீட்ஸ்கே தட்டை நகர்த்திவிட்டு... (முடிக்க மனம் வரவில்லை.) இரண்டையும் கிழித்தேன். மறுபடி இயந்திரத்துக்குள் படுத்திருப்பவனுக்கு எண் எப்படித் தெரியும்?

ஆமாம், இதை மனசுக்குள்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இயந்திரம் தடதடக்கிறது. "இன்னும் ஒரே நிமிஷம்" என்கிறாள் ஒலிபெருக்கியில். குரலில் நடுக்கம் இல்லை.

இப்போதுதான் அருமையான கடைசி வரி ஒன்று கிடைத்தது. உங்களிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் தலை ஆடிவிடும். பதினாலா, பதினைந்தா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் அசையப் போவதில்லை.