கூம் கைவைத்த பம்பு

விடிந்ததிலிருந்து விதோயே லாரியின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சொட்டு பார்த்துக்கொண்டிருந்தான். நகரத்தில் பழுது பார்த்து வாங்கிவந்த டீசல் பம்பை நேற்றே மாட்டியாயிற்று. அது சரியான கணத்தில் டீசலைத் தள்ள வேண்டும், அதுதான் பாக்கி. முதல் சிலிண்டர் குழாயைக் கழற்றிவிட்டு இஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினான். கழற்றிய வாயில் டீசல் சொட்டுவது நிற்கும் இடமும் ஃப்ளைவீலில் இருந்த கோடும் சேரவில்லை. பம்பை மயிரிழை திருப்பினான். மறுபடி சுற்றினான். ஒன்பதாவது தடவை இரண்டும் சேர்ந்தன. அந்த இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறிவைத்து, குழாயை மாட்டி, போல்ட்டை இறுக்கி ஸ்டார்ட் செய்தால், நாற்பத்தோரு வயது லாரி ஒருமுறை இருமிவிட்டு ஒரே சீராக ஓடியது. விதோயேவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

வராமல் என்ன செய்யும்? ஆலங்கட்டி மழை அந்த வருஷம் அவனுக்கு விட்டுவைத்தது முந்நூறு தட்டு ராஸ்பெர்ரிதான். பறித்த பழம் வெயிலில் அரை நாள் தாங்காது. குளிர்கிடங்கு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள்.

மதியம் மூன்றுக்குத் தட்டுகளையெல்லாம் ஏற்றி முடித்த நேரம் பார்த்து கூம் ஓப்ரென் காப்பி குடிக்க வந்தார். கூம் என்றால் லேசுப்பட்ட உறவில்லை. கல்யாணத்தில் சாட்சி நின்றவர், பிள்ளையை ஞானஸ்நானத்தில் ஏந்திப் பெயர் வைத்தவர். அந்த ஊரில் மாமனாரோடு சண்டை போடலாம், பாதிரியாரோடு போடலாம், கூமிடம் முகம் சுளிக்கக் கூடாது. விதோயேவின் மகனுக்கு ஓப்ரென் செத்துப்போன தன் குதிரையின் பெயரை வைத்தார். பையனின் தாய் ஸ்தாமென்கா ஒரு வாரம் அழுதாள். பையனுக்கு இன்றைக்கும் அந்தக் குதிரைப் பெயர்தான், தோராத்.

"என்னடா இது, மரங்கொத்தி மாதிரி தட்டுது?" என்றார் ஓப்ரென், ஓடிக்கொண்டிருந்த இஞ்சினைப் பார்த்து.

"நல்லாத்தானே ஓடுது, கூமே. சொட்டு பாத்து வச்சேன்."

"சொட்டா? நான் பட்டாளத்துல டாங்கிக்கே காதால டைமிங் வச்சவன். ஸ்பேனரைக் கொண்டா."

முடியாது என்று சொல்லத்தான் விதோயே வாயைத் திறந்தான். "இந்தாங்க கூமே" என்று வந்தது.

ஓப்ரென் போல்ட்டுகளைத் தளர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு பம்பை வெளிப்பக்கமாக ஒரு விரற்கடை திருப்பினார். பிளம் சாராயம் கேட்டார். குடித்தார். இறுக்கினார். புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பி ஸ்தாமென்கா காயப்போட்ட துணியை மறைத்தது.

"புகையுதே, கூமே?"

"உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது. சத்தத்தைக் கேளு, பூனை தூங்குற மாதிரி இல்ல?"

ஸ்தாமென்கா புருஷனின் சட்டையை இழுத்தாள். "அந்தாளு போனதும் பழையபடி திருப்பி வச்சிடுங்க."

அந்தாள் போனால்தானே! தன் கைவேலை மலையேறும் அழகைக் கேட்க வேண்டும் என்று லாரியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டார்.

பாதி மலையில் லாரி இழுக்க மாட்டாமல் நின்றது. மணி நாலே முக்கால். பின்னால் போய்ப் பார்த்தால் அடித்தட்டுகள் நசுங்கிச் சிவப்புச் சாறு ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. பம்பைத் திருப்பி வைக்க விதோயேவுக்குப் பத்து நிமிஷம் போதும். ஆனால் கூம் பார்க்கத் திருப்பினால் ஏழு தலைமுறைப் பகை.

"கூமே, ரேடியேட்டர் கொதிக்குது. கீழ ஊத்து இருக்கு. நான் போனா கண்ட தண்ணியக் கொண்டாந்துருவேன். உங்களுக்குத்தான் தண்ணியோட தரம் தெரியும்."

"அது வாஸ்தவம்" என்று ஓப்ரென் வாளியோடு இறங்கினார்.

காலையில் ஆணியால் கீறிவைத்த கோட்டுக்குப் பம்பைக் கொண்டுவந்து விதோயே இறுக்கினான். ஓப்ரென் திரும்பி வந்தார். லாரி மேட்டில் சும்மா இழுத்துக்கொண்டு ஏறியது.

"பாத்தியா? படிஞ்சிருச்சு" என்றார். "என் கைவேலை படியக் கொஞ்சம் நேரமாகும்."

ஐந்தே முக்காலுக்குத் தட்டுகள் எல்லாம் குளிர்கிடங்குக்குள் போய்விட்டன. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அதற்குள் ஓப்ரென் கதையைச் சொல்லி முடித்திருந்தார். அடுத்ததாக நின்ற பெர்சா தனியாளாகத் தோட்டமும் லாரியும் வைத்துப் பிழைப்பவள். அவள் லாரி லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. விதோயேவிடம் வந்தாள்.

"நெசத்தைச் சொல்லு விதோயே. இவரு கை வச்சதாலதான் உன் வண்டி இப்படி இழுக்குதா? செடியில இன்னும் நூறு தட்டுப் பழம் கிடக்கு. நாளைக்கு இதே மலைய நான் ஏறணும்."

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். ஓப்ரெனும் பார்த்தார், பிள்ளையைக் கையில் ஏந்தி நின்ற அன்றைக்குப் பார்த்த அதே நம்பிக்கையோடு. ஒரே ஒரு வார்த்தைதான். இல்லை என்ற அந்தப் பாழாய்ப்போன ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் விதோயே மறுபடி வாயைத் திறந்தான்.

"ஆமா பெர்சா" என்றான். "அவரு கை ராசிதான்."

கிடங்கில் மாற்றாகக் கொடுத்த காலித் தட்டுகளோடு அவன் கிளம்பும்போது ஓப்ரென் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெர்சாவின் பானெட்டைத் திறந்துகொண்டிருந்தார். விதோயேவின் லாரி என்றுமில்லாதபடி அருமையாக ஓடியது. முதல் வளைவு திரும்புகையில் பக்கவாட்டுக் கண்ணாடியில் கிடங்கு வாசலிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்புவது தெரிந்தது. விதோயே கண்ணாடியை மடக்கிவிட்டு வேகத்தைக் கூட்டினான்.