கசப்பு மரத்துப் பருப்பு

...சயனைடு என்றாள் டாக்டர் பெண், உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்பதைப் போல, என் மனைவி மோஹிராவின் உடம்பில், எங்கள் இஸ்ஃபாரா ஊர்த் தோட்டத்து ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பிலிருந்து... காதில் சரியாகத்தான் விழுந்ததா? பல் முளைத்த நாளிலிருந்து இந்த ஊரில் அதைத் தின்னாதவர் யார், சாம்பலில் வறுத்து, உப்புத் தூவி, தேநீரோடு... நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம் என்று கேட்டேன். "நீங்க திங்கிறது இனிப்புப் பருப்பு, மிஸ்ரோப் அண்ணே. அவங்க தின்னது கசப்பு, தினம் நாப்பது. மரத்துக்கு ஒட்டுக் கட்டுறவருக்கு நான் பாடம் எடுக்கணுமா?" நாற்பதா, எப்போது, நான் எங்கே இருந்தேன்... காலையில் அவள் சமையலறையில் விழுந்தபோதுகூடச் சர்க்கரை குறைந்துவிட்டது என்றுதானே தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

எப்படி என்று கேட்டேன், எதுவும் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் என்னால் உட்கார முடியாது. பருப்புக்குள் இரண்டு பொருள்கள் தனித்தனியாக அடைபட்டிருக்கின்றனவாம், முழுதாக இருக்கும்வரை ஒன்றையொன்று தொடாது, அரைத்து ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து விஷம் பிறக்கிறதாம், விதை தன்னைக் காத்துக்கொள்ளும் வழி... எவ்வளவு நேர்த்தி என்று ஒரு கணம் வியந்தேன், என் மனைவி ஊசி ஏறிப் படுத்திருக்கையில் வியந்தேனே, என்ன மனிதன் நான். அவள் அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் தேன் விட்டுக் குடித்திருக்கிறாள். பக்கத்து வீட்டுச் சனோபர் போனில் ஒரு வீடியோ காட்டினாளாம், இவளுடைய மார்புக் கட்டி தானே கரையுமாம், கத்தி வேண்டாமாம். அதை நம்பித்தான் குஜந்து நகரத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த அறுவை சிகிச்சை நாளை இரண்டு முறை தள்ளிப்போட்டாளா, குளிர் விடட்டும், விருந்தாளி வருகிறார்கள் என்று... கட்டி கரைஞ்சிருக்கா டாக்டரம்மா என்றேன். "வளந்திருக்குண்ணே." ஒரே சொல். உள்ளே போனால் மோஹிரா கண் திறந்து, என்னைப் பார்த்ததும், "ஏங்க, இன்னிக்கு மத்தியான வேளை தவறிப்போச்சு, அலமாரியில நீல டப்பா இருக்கு, டாக்டருக்குத் தெரியாம எடுத்துட்டு வாங்க" என்கிறாள். அது விஷம்டி என்றேன். "மருந்துன்னா அப்படித்தான் கசக்கும், சும்மா இருங்க."

கசப்புப் பருப்பு கடையில் வாங்கியதல்ல, அது என் கொட்டை. ஒட்டுக் கட்ட உறுதியான வேர் வேண்டும், வேருக்குக் கசப்பு விதைதான் நல்லது, அதற்காகவே வாய்க்கால் ஓரத்தில் ஒரு மரத்தை ஒட்டுக் கட்டாமல் விட்டிருக்கிறேன், இலையுதிர் காலத்தில் கொட்டையை மூட்டையாகக் கட்டிக் கொட்டகையில் வைப்பேன். தை மாதக் குளிரில் பார்த்தால் மூட்டை பாதியாக இளைத்திருந்தது. எலிங்க என்றாள் மோஹிரா. ஆமாம், எலி என்றேன் நானும். எலி கொட்டையைக் குடைந்தால் வெறும் ஓடுகளைத் தரையில் விட்டுப்போகும், குடைந்த துளையின் விளிம்பில் பல் தடம் இருக்கும், இது எனக்குத் தெரியாதா, முப்பது வருடமாகக் கொட்டையோடு இருப்பவனுக்கு... தரை பெருக்கிவிட்டதைப் போலச் சுத்தமாக இருந்தது. அன்று சுவர் ஆணியிலிருந்து எலிப்பொறியைக் கையில் எடுத்தேன், நினைவிருக்கிறது, அதன் கம்பிச் சுருளை அழுத்திக்கூடப் பார்த்தேன், நன்றாக வேலை செய்தது... பிறகு ஏன் வைக்காமல் திரும்ப மாட்டினேன்?