அம்மாவின் கறுத்த விரல்கள்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் காயத்ரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர்க் குழாய்வரை நடப்பாள், திரும்புவாள், கதவு இடுக்கில் எட்டிப் பார்ப்பாள், மறுபடி நடப்பாள். உள்ளே அவள் அப்பா தனகோடி காலை நீட்டிப் படுத்திருந்தார். அணுபுரம் குடியிருப்புக்குப் பால் வண்டி ஓட்டுகிறவர், சர்க்கரை நோய்க்காரர். செருப்பு கடித்துக் கால் கட்டைவிரலில் வந்த புண், பொங்கல் விடுமுறை முடிவதற்குள் விரல் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது.

"ரத்த ஓட்டம் நின்னிருக்கலாம். சர்ஜன் வந்து பாப்பாரு. விரலை எடுக்க வேண்டி வந்தாலும் வரும், மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்று இளம் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மனசு என்ன வாடகைக் காரா, கூப்பிட்டவுடன் தயாராக வாசலில் வந்து நிற்க?

இத்தனைக்கும் இந்த மாதிரிப் புண்ணில் வளரும் கிருமிகளை ஒழிப்பதுதான் காயத்ரியின் ஆராய்ச்சி. மாமல்லபுரம் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் அடம்பங்கொடியைப் பறித்துவந்து, அதன் இலைக்குள் குடித்தனம் நடத்தும் ஒரு பூஞ்சையைப் பிரித்து வளர்த்தாள். பூஞ்சை வளர்ந்த நீரில் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பைக் கரைத்தால், அது வெள்ளியை நானோ துகள்களாக மாற்றும், கரைசல் பழுப்பாகும். அதை விட்ட இடத்தில் கிருமி செத்தது. கிருமி வளர்த்த தட்டில், அது செத்த இடம் தெளிந்த வட்டமாகத் தெரிந்த அன்று, வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அதைப் பற்றிய கட்டுரை இன்று ஆய்வுப் பத்திரிகைக்குப் போக வேண்டும். வழிகாட்டி நரசிம்மன் சார் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அவள் எடுக்கவில்லை. அப்பாவுக்கு விரலே போகப்போகிறதாம், கட்டுரையாவது மண்ணாவது.

"உக்காரேண்டி. உன்னப் பாத்தா எனக்குத் தலைய சுத்துது" என்றாள் அம்மா அம்சா.

அம்மாவும் காலையிலிருந்து சரியில்லை. வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை இடது கையாலேயே திறக்கப் பார்த்தாள். மூடி அசையவில்லை.

"கைல இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல, வுடு."

காயத்ரி முந்தானையை விலக்கினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இரண்டின் நுனியும் கறுப்பு. மையும் இல்லை, கரியும் இல்லை. தோலிலேயே ஊறிய கறுப்பு.

அம்சாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்பாவோடது எனக்கும் தொத்திக்கிச்சுடி. சோப்பு போட்டும் போவல. யார்கிட்டயும் சொல்லாத. மொதல்ல அவர பாக்கட்டும்."

காயத்ரிக்கு அந்தக் கறுப்பைத் தெரியும். ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், கையுறை போடாமல் வெள்ளி உப்பைத் தொட்டு அவள் விரல்களும் இப்படித்தான் ஆயின. வெயில் பட்டால் கறுக்கும். தோல் உரிந்தால்தான் போகும்.

"ஃப்ரிட்ஜ்ல தயிருக்குப் பின்னால ஒரு பாட்டில் வெச்சிருந்தனே, அதத் தொட்டியா?"

விடுமுறையில் லேபுக்குக் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து வீட்டுக்குக் கொண்டுவந்த கரைசல் பாட்டில் அது. செய்யவே கூடாத வேலை.

"நீதானடி சொன்ன, சக்கர புண்ணுல கீற கிருமியெல்லாம் இதுல சாவுதுன்னு. தெனம் காலைல பஞ்சுல தொட்டு வெரலு பூரா தடவினேன். அவரும் வெயில்ல கால நீட்டிகினு குந்திகினு இருந்தாரு. டாக்டரு திட்டுவாருன்னு சொல்லல."

காயத்ரி ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டினாள். சர்ஜனும் வந்துவிட்டார். அம்சாவின் விரல்களைப் பார்த்தார், தனகோடியின் விரலை அமுக்கிப் பார்த்தார், காலில் நாடி பார்த்தார், கருவி வைத்தும் பார்த்தார். "கறைதான். உள்ள ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. புண்ணைச் சுத்தம் பண்ணிக் கட்டுவோம், விரலை எடுக்க வேணாம்" என்றார். பிறகு, படித்த பெண் செய்கிற காரியமா இது என்று காயத்ரியைப் பிடிபிடியென்று பிடித்தார். திட்டு வாங்குவது இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெளியே வந்த பிறகுதான் மற்றது உறைத்தது. பூஞ்சை வெள்ளியையெல்லாம் துகளாக்கியிருந்தால் தோல் இப்படிக் கறுத்திருக்காது. மாறாத வெள்ளி உப்பு அந்தப் பாட்டிலில் ஏராளமாக மிஞ்சியிருக்கிறது. வெறும் உப்பே கிருமியைக் கொல்லும். அப்படியானால் அந்தத் தெளிந்த வட்டம் யாருடைய வேலை? மிஞ்சிய உப்பு போகத் துகள்களை நன்றாகக் கழுவிவிட்டோம் என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. இந்த முறை எடுத்தாள்.

"காயத்ரி, அனுப்பிடலாமா? நீ சரின்னு சொன்னா போதும்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்சா இப்போது கையை ஒளிக்கவில்லை. அந்தக் கறுத்த விரல்களாலேயே டம்ளரைப் பிடித்து நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் சார். கிருமியைக் கொன்னது நம்ம பூஞ்சை செஞ்ச துகளா, மிஞ்சின உப்பான்னு எனக்குத் தெரியல. மொதல்லேர்ந்து பண்ணணும்."

சார், "நாளைக்கு லேபுக்கு வா, பேசலாம்" என்று வைத்துவிட்டார். காயத்ரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்குடி இப்ப அழுவுற? அதான் வெரலு போவாதுன்னுட்டாங்களே."

"ஆமாம்மா, போவாது" என்று, அம்மாவின் கறுத்த விரல்களைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.